சாவி எங்கேங்க?

மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ். பெருங்களத்தூர் வந்தபோது காலை ஐந்தே கால். "எறங்கு, எறங்கு" என்று கிளீனர் தம்பி கூவ, தூக்கக் கலக்கத்தில் தலைக்கு மேல் இருந்த பலகையைத் துழாவினேன். அக்கா கொடுத்தனுப்பிய மாவடு ஜாடி இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. என் தோள் பை மட்டும் இல்லை.

திருடனுக்கு ரசனை போதாது. மாவடுவை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்!

பையில் இருந்தது என் லேப்டாப். நாலு வருஷப் பழசு. மூலையில் கீறல். ஒரு பட்டனை அழுத்தினால் எழுத்து இரண்டு தரம் விழும். விற்றால் பத்தாயிரம் தேறினால் அதிர்ஷ்டம். 'போனால் போகட்டும், இந்தச் சாக்கில் புதுசு வாங்கலாம்' என்று மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்ட ரைட்டர்தான் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார்.

"உள்ளே என்ன இருந்துச்சு?"

"லேப்டாப் சார்."

"அது பைக்குள்ளே. லேப்டாப்புக்குள்ளே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

நான் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். மார்ச் மாதம். ஊருக்குப் போன இடத்தில் கணக்கை முடிக்கிறேன் பேர்வழி என்று ஆபீஸ் ஃபைலை என் சொந்த லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. 212 பேரின் பெயர், விலாசம், பாங்க் கணக்கு எண், பான் நம்பர், சம்பளம், யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு பிடித்தம்... எல்லாம் அதில். இதுபோக அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கொடைக்கானல் போட்டோக்கள், கோபத்தில் மூன்று தடவை எழுதி ஒரு தடவைகூடக் கொடுக்காத ராஜினாமா கடிதம்.

மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் முதலில் கேட்டது: "பாஸ்வேர்ட் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன் சார்."

"அப்பாடா!" என்றார். நானும் ஒரு அப்பாடா போட்டேன். இரண்டு அப்பாடாக்களும் அன்று சாயந்திரம் வரைதான் தாங்கின.

சுவரில்லாத வீட்டுக்கு வாட்ச்மேன்

அக்கா பையன் சென்னையில்தான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தான். "பாஸ்வேர்ட் இருக்குடா" என்று நான் சொன்னதும் சிரித்தான். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும் அதே சிரிப்பு.

"மாமா, அத்தையோட பழைய லேப்டாப் இருக்குல்ல? அதுக்கும் பாஸ்வேர்ட் இருக்குல்ல? என்கிட்ட சொல்லாதீங்க. கொண்டாங்க."

கவிழ்த்துப் போட்டான். அடியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினான். ஹார்ட் டிஸ்க்கை உருவினான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு சின்ன டப்பாவுக்குள் அதைச் செருகி, ஒரு ஒயரைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். காப்பி ஆறுவதற்குள் கொடைக்கானல் போட்டோக்கள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை. நான் எப்போதோ காப்பி பண்ணி வைத்த ராஜினாமா கடிதமும் வந்து நின்றது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது எப்போ எழுதினது?"

"சும்மா... இங்கிலீஷ் பழகறதுக்கு..."

மருமகன் என்னைக் காப்பாற்றினான். "மாமா, நீங்க போட்ட பாஸ்வேர்ட் வாசல்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. வாசல் வழியா வர்றவனைத்தான் நிறுத்துவார். உங்க வீட்டுக்கு வாட்ச்மேன் இருக்கார், சுவர்தான் இல்லை!"

மறுநாள் 212 பேருக்கும் கடிதம் எழுதினேன். 'உங்கள் விவரங்கள் அடங்கிய கம்ப்யூட்டர் திருடு போய்விட்டது. பாங்க் கணக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்டு யாராவது போன் பண்ணினால் சொல்லாதீர்கள்.' நான் எழுதிய கடிதங்களிலேயே கஷ்டமானது அதுதான். சிலர் திட்டினார்கள். சிலர் ஆறுதல் சொன்னார்கள். எங்கள் ஆபீஸ் டிரைவர் மட்டும் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாக வந்தார்.

"சார், அந்த லிஸ்ட்ல நான் வாங்கின கடனும் இருக்குமா?"

"இருக்கும்ணே."

"எதுக்கு வாங்கினேன்னும் இருக்குமா?"

இருந்தது. தங்கையின் வைத்தியச் செலவு. என்ன வியாதி என்பது உட்பட, அவர் கொடுத்த விண்ணப்பத்தின் ஸ்கேனும் இருந்தது. "அதுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்" என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஊருலகத்தில் நான் மட்டுமல்ல

இதில் எனக்குப் பெரிய பெரிய சகாக்கள் உண்டு. 2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையின் ஊழியர் ஒருவர், என்னைப் போலவே ஆபீஸ் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். மேரிலாந்தில் இருந்த அவர் வீட்டில் திருடன் புகுந்தான். லேப்டாப்பும் கூடவே ஒரு டிஸ்க்கும் போயின. அதில் இருந்தது 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரம்! அடுத்த மாதமே சாமான் கிடைத்துவிட்டது. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் வழக்கு நடந்து, 2009-ல் அரசாங்கம் 2 கோடி டாலர் கொடுத்து சமாதானமாகப் போக வேண்டியிருந்தது.

2007-ல் பிரிட்டனின் வரித் துறை இரண்டே இரண்டு குறுந்தகடுகளைத் தபாலில் தொலைத்தது. குழந்தைகளுக்கான உதவித்தொகை வாங்கும் குடும்பங்களின் விவரம், இரண்டரைக் கோடிப் பேர். பாஸ்வேர்ட் இருந்தது, சங்கேதப் பூட்டு இல்லை. துறைத் தலைவர் ராஜினாமா செய்தார். (அவர் கடிதத்தைக் கொடுத்தார், என்னை மாதிரி டிராஃப்டில் வைக்கவில்லை.)

நம் ஊரிலும் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அடுத்தவர் விவரத்தை வைத்திருக்கிற நிறுவனம் தக்க பாதுகாப்பு செய்யாமல் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. என் வருஷ இன்க்ரிமென்ட்டை நினைத்துப் பார்த்தேன். கட்டி முடிக்கச் சில யுகங்கள் ஆகும்.

லக்ஸ் என்றால் சோப்பு இல்லை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. புது லேப்டாப். மருமகன் பென் டிரைவில் டெபியன் கொண்டுவந்தான். டெபியன் என்பது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆபரேட்டிங் சிஸ்டம். இலவசம். 1993-ல் இயன் மர்டாக் என்ற இளைஞர் ஆரம்பித்தது. காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் தன் பெயரையும் ஒட்டி 'டெப்-இயன்'! நாமெல்லாம் பெஞ்சில் காம்பஸால் கீறியதோடு சரி.

"பூட்டுப் போடறதுன்னா இப்பவே போடணும் மாமா. வீடு காலியா இருக்கும்போது சுவர் எழுப்பறது சுலபம். சாமானெல்லாம் ஏத்தின பிறகு லினக்ஸ்ல இது தலைவலி."

"சம்பள ஃபைலை மட்டும் பூட்டினா போதாதா?"

"போதாது. நீங்க ஃபைலைத் திறக்கும்போது கம்ப்யூட்டர் அங்கங்கே தற்காலிகப் பிரதி எடுத்து வைக்கும். மெமரி போதலைன்னா டிஸ்க்கோட ஒரு மூலையில கொட்டி வைக்கும். பெட்டியைப் பூட்டிட்டு, நகையைத் தலையணைக்கு அடியில விட்ட கதை. அதனால டிஸ்க் முழுக்கப் பூட்டணும்."

செய்வது பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பென் டிரைவிலிருந்து கிளப்பியதும் மொழி, நாடு, கீபோர்டு என்று கேட்டுக்கொண்டே வருகிறது. டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் கட்டம் வரும்போது நாலைந்து வழிகளைக் காட்டுகிறது. அங்கேதான் நாம் வழக்கமாக முதல் வரியைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். போகக்கூடாது. 'கைடட், யூஸ் என்டயர் டிஸ்க் அண்ட் செட் அப் என்க்ரிப்டட் எல்.வி.எம்.' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்னாலேயே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

பிறகு டிஸ்க் முழுவதும் கண்டபடி எண்களை எழுதி நிரப்புகிறது. பழைய டிஸ்க்காக இருந்தால் முன்பு பூட்டில்லாமல் எழுதிய கணக்கு வழக்கெல்லாம் இதில் அழியும், பொறுமையாக விட்டுவிடுங்கள். புது டிஸ்க் என்றால் ரத்து செய்துவிட்டு மேலே போகலாம். அதற்கப்புறம் கேட்கிறது, கடவுள் வாக்கியத்தை. ஆமாம், சொல் அல்ல, வாக்கியம். இரண்டு தடவை தட்டச் சொல்லும்.

உள்ளே நடப்பது இதுதான். டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றும் சங்கேதமாகிப் போய் உட்காருகிறது. படிக்கும்போது மெமரிக்கு வந்து பழைய உருவம் எடுக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனவனுக்குக் கிடைப்பது வெறும் குப்பை. சங்கேத முறையின் பெயர் ஏ.இ.எஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் செய்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு 1997-ல் உலகத்துக்கே போட்டி வைத்தது. 15 முறைகள் களத்தில் இறங்கின. எல்லோரும் எல்லோருடையதையும் உடைக்கப் பார்த்தார்கள். 2000-ல் ஜெயித்தது இது; 2001-ல் தரமாக அறிவித்தார்கள். பூட்டின் வரைபடம் நடுத்தெருவில் ஒட்டியிருக்கிறது. ரகசியம் சாவியில் மட்டும்தான்.

சாவியை வைத்துக் காப்பாற்றும் ஏற்பாட்டுக்கு லக்ஸ் என்று பெயர். 2004-லிருந்து இருக்கிறது. நாம் தட்டுகிற வாக்கியம் நேரே டிஸ்க்கைப் பூட்டுவதில்லை. பீரோ சாவியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவுக்குத் தனியாக ஒரு திண்டுக்கல் பூட்டு மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் திறப்பது டப்பாவை. டப்பாவில் இருக்கும் பெரிய சாவி திறப்பது டிஸ்க்கை. இதனால் இரண்டு லாபம். வாக்கியத்தை மாற்ற வேண்டுமென்றால் டிஸ்க் முழுவதையும் மறுபடி எழுத வேண்டாம். டப்பாப் பூட்டை மாற்றினால் போதும். இன்னொன்று, ஒரே சாவிக்குப் பல டப்பாக்கள் வைக்கலாம். பழைய லக்ஸில் 8. இப்போதைய இரண்டாம் பதிப்பில் 32 வரை. இந்த இரண்டாவது விஷயத்தை அப்போது நான் காதில் வாங்கவில்லை. பின்னால் அது பெரிய விஷயமாயிற்று.

"எல்லாத்தையும் சங்கேதமாக்கினா கம்ப்யூட்டர் மாட்டு வண்டி ஆயிடாதா?"

"அதெல்லாம் அந்தக் காலம். 2010 வாக்கிலேர்ந்து இன்டெல் சிப்புக்குள்ளேயே இந்தக் கணக்குக்குன்னு தனி ஏற்பாடு வந்துடுச்சு. உங்க சம்பளக் கணக்குக்கு வித்தியாசமே தெரியாது."

முருகா 123

"வாக்கியம் சொல்லுங்க மாமா. சொல்லாதீங்க, நெனச்சுக்கோங்க."

நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே, "சாமி பேரு, புள்ளை பேரு, பொறந்த தேதி, சினிமா வசனம், பாட்டு... எதுவும் கூடாது" என்றான். எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை. எங்கள் ஆபீஸில் பாதி கம்ப்யூட்டர்களுக்கு முருகன்தான் காவல். பக்கத்தில் 123 என்று மூன்று பூதகணங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டினான். எட்டுச் சின்ன ஆங்கில எழுத்துகளில் ஒரு பாஸ்வேர்ட். மொத்த வகைகள் சுமார் 20,880 கோடி. ஆகா, பெரிய எண்! விநாடிக்கு ஒரு கோடி வீதம் ஒரு மெஷின் முயன்றால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்தது கதை. இதற்கு மாற்றாக 1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். 7776 சொற்கள் கொண்ட பட்டியல். தாயக்கட்டை மாதிரி பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஆறு சொல். மொத்த வகைகள் 22 போட்டுப் பின்னால் 22 சைபர். அதே மெஷின் அதே வேகத்தில் முயன்றால் சுமார் 70 கோடி வருஷம்! தவிர, லக்ஸ் ஆர்கான்2 என்ற முறையை வைத்து ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. நமக்கு ஓரிரண்டு விநாடி. கோடிக்கணக்கில் முயல வேண்டிய திருடனுக்கு அது ஆயுள் தண்டனை.

சொற்களை நாமே 'தோன்றியபடி' எடுக்கக்கூடாது என்பது முக்கியம். மனசுக்குத் தோன்றுவதெல்லாம் இன்னொரு மனசுக்கும் தோன்றும். பகடைக்குத்தான் மனசு கிடையாது. என் பெண்ணின் பரமபதப் பகடையை உருட்டி ஆறு சொல் எடுத்தோம். ஒன்றுக்கொன்று ஸ்நானப் பிராப்தி இல்லாத ஆறு சொற்கள். அவற்றை வைத்து மனசுக்குள் ஒரு அபத்தமான காட்சி ஜோடித்துக்கொண்டேன். இப்போதும் மறக்கவில்லை. சொல்ல மாட்டேன்.

இந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும்? 2008-ல் பிரேசில் போலீஸ் டேனியல் டான்டாஸ் என்ற பாங்கரை ஒரு நிதி விசாரணையில் கைது செய்து அவருடைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கைப்பற்றியது. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சத்தியாக்கிரகம்'! டிஸ்க்குகள் சங்கேதப் பூட்டில் இருந்தன. உள்ளூர் நிபுணர்கள் மாதக்கணக்கில் முட்டிப் பார்த்தார்கள். பிறகு அமெரிக்க எஃப்.பி.ஐ. ஒரு வருஷம் முட்டியது. 2010-ல் டிஸ்க்குகள் போன மாதிரியே திரும்பி வந்தன. 2011-ல் நீதிமன்றம் அந்த விசாரணை முறையே செல்லாது என்றது வேறு கதை.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. 2013 அக்டோபர் 1, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகம். சில்க் ரோட் என்ற இணையக் கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்ப்ரிக்ட் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் சண்டை போடும் சத்தம். திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் எதிரில் இருந்தவர் லேப்டாப்பை உருவினார். எல்லோரும் எஃப்.பி.ஐ. ஆட்கள்! டிஸ்க்குக்குப் பூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை, கதவு திறந்திருந்தது. 2015-ல் ஆயுள் தண்டனை. 2025-ல் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார்.

நமக்கு இதில் பாடம் எளிது. மூடி வைத்தால் லேப்டாப் தூங்குகிறதே தவிர, சாவி மெமரியிலேயே இருக்கிறது. பஸ் ஏறும் முன்னால் அணைத்துவிடுங்கள். பூட்டு என்பது அணைத்த கம்ப்யூட்டருக்குத்தான்.

பூட்டின் மறுபக்கம்

இதோடு முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. ஆறு மாதம் கழித்து என் காலேஜ் நண்பன் இறந்துபோனான். நாற்பத்தொரு வயது. காலையில் நெஞ்சு வலி என்றான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சாஃப்ட்வேர்காரன். எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறவன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் மனைவி போன் பண்ணினாள். "அண்ணா, அவர் லேப்டாப் ஏதோ கேக்குது. எங்களுக்குத் தெரியலை."

மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். திரையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. கறுப்புத் திரை. டிஸ்க்கைத் திறக்க வாக்கியம் கேட்டு நின்றது. என் லேப்டாப்பில் தினமும் பார்க்கிற அதே வரி. லக்ஸ்.

"குழந்தை பொறந்தப்போ எடுத்த வீடியோ, அவ முதல் முதலா நடந்தது எல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள். சாத்தியமானதையெல்லாம் முயன்றிருந்தாள். குழந்தையின் பெயர், கல்யாணத் தேதி, அவன் ஊர், அவன் பைக் நம்பர்.

"முதல்ல என் பேரைத்தான் போட்டுப் பார்த்தேன் அண்ணா. என் பேரைத்தான் வெச்சிருப்பார்னு நெனச்சேன்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படி வைக்கக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் அவன். நண்பன் சரியாகத்தான் செய்திருந்தான். அதுதான் பிரச்னை. மறந்தவனுக்கும், திருடனுக்கும், பெண்டாட்டிக்கும் அந்தப் பூட்டு ஒரே பதிலைத்தான் சொல்லும். மாஸ்டர் சாவி கம்பெனியிடம் இல்லை, கம்பெனியே இல்லை. கோர்ட் ஆர்டர் வாங்கி வந்தாலும் திறக்காது. லேப்டாப்பை ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி அவள் பீரோவில் வைத்திருக்கிறாள். இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"உங்க சாவி எங்கேங்க?"

தலையில் என்று காட்டினேன். "அதான் கேட்டேன்" என்றாள்.

அன்று ராத்திரியே உட்கார்ந்தோம். மருமகன் போனில் சொல்லச் சொல்ல, கிரிப்ட்செட்அப் என்ற கருவியை வைத்து இரண்டாவது டப்பா செய்தேன். அவளுக்கென்று தனி வாக்கியம். பரமபதப் பகடையை அவளே உருட்டினாள். தட்டும்போது என்னை பால்கனிக்கு அனுப்பிவிட்டாள். "சொன்னா அது பாஸ்வேர்டா?" லக்ஸ் தன் டப்பாக்களையெல்லாம் டிஸ்க்கின் தலைப்பகுதியில் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பகுதி கெட்டால் சரியான வாக்கியம் தெரிந்தும் திறக்க முடியாது. அதனால் அதற்கும் ஒரு பிரதி எடுத்து வேறு பென் டிரைவில் வைத்தோம். போட்டோக்களுக்குத் தனி டிஸ்க்கில் இன்னொரு பிரதி. பூட்டு திருடனைத் தடுக்கும். டிஸ்க் செத்துப் போவதைத் தடுக்காது.

என் ஆறு சொல், அவள் ஆறு சொல். இரண்டு காகிதம், இரண்டு கவர். ஒட்டி, வீட்டுப் பத்திரமும் எல்.ஐ.சி. பாண்டும் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தோம். மருமகனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், காகிதத்தில் எழுதியதற்குத் திட்டுவான் என்று. "கரெக்ட் மாமா" என்றான். "பஸ்ல லேப்டாப் திருடறவன் உங்க பீரோவைத் தேடி வரப்போறதில்லை. லேப்டாப் பையில மட்டும் எழுதி வைக்காதீங்க!"

உங்களுக்குச் சில வார்த்தை

உங்களிடம் இருப்பது விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' என்று இருக்கிறதா என இன்றைக்கே பாருங்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், உங்களைக் கேட்காமலே அது பூட்டியிருக்கலாம். ஒரு நாள் ரிப்பேருக்குக் கொடுத்து மதர்போர்டு மாற்றினால் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள், நிற்கும்போது தேடாதீர்கள். ஆப்பிளில் இதற்கு 'ஃபைல்வால்ட்' என்று பெயர்.

எங்கள் பழைய லேப்டாப் கிடைக்கவே இல்லை. அந்த ஃபைலை யாராவது திறந்தார்களா, அல்லது ஏதோ ஒரு கடையில் டிஸ்க்கை அழித்து விற்றுவிட்டார்களா, தெரியாது. தெரியாமலே இருப்பதுதான் தண்டனை. டிரைவரின் தங்கைக்கு இந்தத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தவர், "புது மெஷினுக்குப் பூட்டுப் போட்டாச்சா சார்?" என்றார்.

"போட்டாச்சுண்ணே."

"சாவி பத்திரமா இருக்கா?"

"பீரோவில இருக்கு."

"பீரோ சாவி?"

சொல்லவில்லை. எல்லோர் வீட்டிலும் போலத்தான். பீரோ மேலேயே இருக்கிறது!